பழைய அம்பாசடருக்கு புது என்ஜின் போடலாமா?
முன்பக்கம் தாங்குமா? ஆர்.சி. புத்தகம் என்ன ஆகும்?

சென்னை,

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டு மே மாதம் நின்று போனது. ஆனால் சென்னையில் அந்த "உருண்டை வண்டி" மீது இருக்கும் ஆசை மட்டும் நின்றபாடு இல்லை. தாத்தா வாங்கிய வண்டி, அப்பா ஓட்டிய வண்டி என்று ஷெட்டில் போட்டு பூட்டி வைத்து இருப்பவர்கள் பலர். அதை மறுபடியும் ரோட்டில் இறக்க வேண்டும் என்றதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"பழைய என்ஜினை கழட்டிட்டு புதுசா ஒண்ணு போட்டுடலாமா அண்ணே?"

போடலாம். ஆனால் என்ஜினோடு வேலை முடிவது இல்லை. முன்பக்க சஸ்பென்ஷன், பிரேக், கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை அது இழுத்துக்கொண்டு போகும்.

3 என்ஜின்கள்

மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாரா தொழிற்சாலையில் பிறந்த கார் இது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு 3-வது சீரிஸ் காரின் அச்சு அசல். 1959-ம் ஆண்டில் வந்த 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின்தான் பல ஆண்டுகள் இதன் உயிர்நாடி. 1980-ம் ஆண்டு வாக்கில் டீசல் வந்தது. 1992-ல் ஜப்பான் இசுசு கம்பெனியின் 1,817 சி.சி. பெட்ரோல் என்ஜினும், 5 கியர் பெட்டியும் வந்தன.

கம்பெனி டீசல் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டு பட்டறைகள் கையை காட்டிவிட்டன. பெட்ரோலை விட டீசல் விலை மிகவும் குறைவாக இருந்த காலம் அது. மெட்டடோர் வேன் என்ஜினை அம்பாசடரில் இறக்கி டாக்சி ஓட்டியவர்கள் உண்டு.

இப்போது ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் கேட்பது இசுசு என்ஜின். பழைய என்ஜின், கியர் பெட்டி தேடுபவர்கள் புதுப்பேட்டைக்கு போகிறார்கள். புது பேரிங், புஷ், ரப்பர் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள்.

மூக்கு இறங்கும்

என்ஜினை மாற்றியதும் முதலில் சிக்கல் வருவது முன்பக்கத்தில்தான்.

அம்பாசடரின் முன்சக்கரங்களை தாங்குவது சுருள் வில் அல்ல. நீளவாக்கில் கிடக்கும் 2 இரும்பு கம்பிகள். "டார்ஷன் பார்" என்று பெயர். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த முறுக்குதான் ஸ்பிரிங்.

டீசல் என்ஜினில் அழுத்தம் அதிகம். அதை தாங்க பிளாக் கனமாக வார்க்கப்படுகிறது. எடை கூடுகிறது. அதை தூக்கி வைத்ததும் வண்டியின் மூக்கு இறங்கிவிடும்.

"டார்ஷன் பாரை ரெண்டு பல்லு ஏத்தி விட்டா சரியாப் போயிடும் சார்" என்பது பட்டறையில் கேட்கும் பழைய வைத்தியம். அது பாதி வைத்தியம். ஏற்றி வைத்தால் வண்டியின் உயரம் மட்டும்தான் கூடும். கம்பியின் பலம் கூடாது. பள்ளத்தில் விழுந்தால் பழையபடி "டம்" என்று இடிக்கும்.

பலம் வேண்டும் என்றால் கம்பியின் பருமன் கூட வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியை 10 சதவீதம் பருமனாக்கினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். கொஞ்சம் அதிகமாக போனாலும் வண்டி கட்டை வண்டியாக குதிக்கும்!

அமெரிக்க முறை

அமெரிக்காவில் பழைய கார் பிரியர்கள் முன்பக்கத்தையே மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். 1974 முதல் 1978 வரை அங்கே விற்ற போர்டு மஸ்டாங்-2 காரின் முன்பக்க அமைப்பை பார்த்து செய்த முழு செட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய குறுக்கு சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதை வெல்டிங் வைக்கிறார்கள்.

அங்கே அந்த காலத்து கார்கள் பலவற்றுக்கு தனி சேசிஸ் உண்டு. அம்பாசடருக்கு அது கிடையாது. பாடியேதான் சேசிஸ். முன்பக்கத்தை தாங்கும் பெட்டி போன்ற தகடு துருப்பிடித்து இருந்தால், அதன் மேல் வைக்கும் வெல்டிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயன் இல்லை.

அளவு பிசகினால் இன்னொரு ஆபத்து. ஸ்டியரிங் கம்பியும், சக்கரத்தை பிடிக்கும் கையும் ஒரே வட்டத்தில் ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது யாரும் தொடாமலே சக்கரம் தானாக திரும்பும். மெதுவாக போகும்போது தெரியாது. 80 கிலோ மீட்டர் வேகத்தில் தெரியும்!

எது முதலில்?

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம்.

முதலில் துரு. தகடுகளை தட்டி பார்த்து, இற்றுப்போனதை வெட்டி டிங்கரிங் செய்ய வேண்டும்.

அடுத்து கிங் பின், புஷ், டை ராடு. கிரீஸ் காணாமல் தேய்ந்த கிங் பின்னோடு ஓடும் அம்பாசடரில் ஸ்டியரிங் ஆடும். பல வண்டிகளுக்கு இதை மாற்றினாலே போதும். "புது வண்டி மாதிரி ஆயிடுச்சே!" என்று உரிமையாளர் அசந்து போவார்.

மூன்றாவது பிரேக். பழைய அம்பாசடரில் 4 சக்கரத்திலும் டிரம் பிரேக். வேகம் கூடினால் நிறுத்தும் சக்தியும் கூட வேண்டும். பின்னால் வந்த மாடல்களில் இருந்த டிஸ்க் பிரேக்கை முன்பக்கத்தில் பொருத்துவது உண்டு.

அதன் பிறகுதான் என்ஜின். மவுண்டிங் புதிதாக செய்ய வேண்டும். கியர் பெட்டி நீளம் மாறினால் புரொபெல்லர் ஷாப்டை லேத்தில் வெட்டி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் சென்னை வெயிலில், சிக்னலில் நின்றபடியே கொதித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், சி.சி., எரிபொருள் எல்லாம் பதிவாகி இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

அதே கம்பெனி, அதே வகை என்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து பதிவு செய்ய வேண்டும். "இசுசுவும் அம்பாசடர் என்ஜின்தானே?" என்று வாதாட முடியாது. 1,489 சி.சி.க்கு பதில் 1,817 சி.சி. என்றால் அது வேறு வகை. என்ஜினை இறக்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது.

அனுமதி இல்லாமல் மாற்றினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலில் மாட்டும்.

பழைய என்ஜின் வாங்கும்போது பில்லும், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்ற விவரமும் கையில் இருக்க வேண்டும். திருட்டு வண்டி என்ஜினாக இருந்தால் வாங்கியவர் போலீஸ் நிலைய படி ஏற வேண்டியதுதான்.

50 வயது வண்டி

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2021-ம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயதை தாண்டிய கார்களை "விண்டேஜ்" வண்டியாக பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். புது பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று அந்த விதி கூறுகிறது. கண்காட்சி, கார் அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது.

அந்த அந்தஸ்து வேண்டும் என்றால் என்ஜின், சேசிஸ், பாடி எல்லாம் அசல் வடிவில் இருக்க வேண்டும். இசுசு இறக்கிய வண்டிக்கு அது கிடைப்பது கடினம்.

எனவே தாத்தா காலத்து வண்டி வைத்து இருப்பவர்கள் கழட்டிய பழைய என்ஜினை எடைக்கு போட்டுவிடக்கூடாது. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி ஒரு மூலையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சேசிஸ் நம்பரோடு ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகி இருப்பது அந்த என்ஜினின் நம்பர்தான்.