ரெய்டு இருக்கிறது என்று பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள்

புவனகிரியில் ஸ்கேன் சென்டரோ பள்ளியோ நடத்துபவருக்கு ஒரு நாள் சர்வரில் இடம் தீர்ந்துபோகும். சிதம்பரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ சர்வீஸ்காரர் வருவார். டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியான பார்ட்டிஷனைப் பெரிதாக்கிவிடலாம் என்பார். பேக்கப் எடுத்தாச்சா என்று கேட்டால், "ரெய்டு போட்டிருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்பார். அங்கேயே அவரை நிறுத்துங்கள்.

1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் முறை) பற்றி எழுதியபோது மனதில் வைத்திருந்தது டிஸ்க் பழுதாவதைத்தான். ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை தாங்கும். ஆனால் தவறான கட்டளையை ரெய்டு தடுக்காது. ரெய்டு ஒன்று முறையில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம்தான் எழுதப்படுகிறது. எனவே தவறும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் டிஸ்க்குகளின் நிலையைக் கண்ணால் பாருங்கள். லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் அதன் நிலை காட்டும் வரியில், இரண்டு டிஸ்க்குக்கு இரண்டு ஆங்கில யூ எழுத்துகள் சதுர அடைப்புக்குள் இருக்கும். ஒரு யூ இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு தெரிந்தால், ஒரு டிஸ்க் ஏற்கெனவே விலகிவிட்டது. நீங்கள் ஒற்றை டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சரிசெய்யாமல் அளவு மாற்றும் பேச்சே கூடாது.

பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் ஒரே வேலை அல்ல. ரெய்டின் மேல் பார்ட்டிஷன் அமைந்திருந்தால், பெரிதாக்கும்போது முதலில் ரெய்டு, அடுத்து பார்ட்டிஷன், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகிர்ந்து கையாளும் அடுக்கு) இருந்தால் அது, கடைசியாக ஃபைல் சிஸ்டம். சிறிதாக்கும்போது எல்லாம் தலைகீழ்: ஃபைல் சிஸ்டத்தை முதலில் சுருக்க வேண்டும். வீட்டுச் சுவரை உள்ளே தள்ளும் முன் சாமான்களை நகர்த்தியாக வேண்டும் அல்லவா, அப்படித்தான். இந்த வரிசை மாறினால் பார்ட்டிஷனின் வாலில் இருந்த தகவல் அறுபட்டுவிடும். ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 வகை என்றால் மவுண்ட்டை எடுத்துவிட்டு, பிழை சோதனை முடித்துத்தான் சுருக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்குவதையே மறந்துவிடுங்கள். புது இடத்தில் உருவாக்கி நகலெடுப்பதுதான் வழி. பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் பார்ட்டிஷனின் தொடக்கப் புள்ளி மாறக் கூடாது. பழைய எம்பிஆர் வகைப் பார்ட்டிஷன் அட்டவணை, வழக்கமான 512 பைட் செக்டர் டிஸ்க்கில், 2 டெராபைட்டுக்கு மேல் போகாது; உங்களுடையது அதுவா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு அபாயம், மின்சாரம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது இங்கே மின் கம்பங்கள் எப்படிச் சாய்ந்தன என்பது நமக்குத் தெரியும். 2015 வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டோம். டிஸ்க் சேர்த்து ரெய்டு ஐந்தை விரிக்கும் வேலை பல மணி நேரம், பெரிய டிஸ்க்கென்றால் நாள் கணக்கில்கூட ஓடும். பார்ட்டிஷனையே இடம் நகர்த்தும் வேலை நடுவில் கரண்ட் போனால் மீட்பது கடினம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை ஆரம்பிக்காதீர்கள். தாங்கும் யுபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலானது பேக்கப். அது சர்வருக்கு வெளியே, தனி டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதே ரெய்டில் எடுக்கும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) பேக்கப் ஆகாது. ஓரிரு கோப்புகளையாவது வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே சர்வீஸ்காரரை வேலையைத் தொடங்க விடுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைக்காரருக்கு இது சட்டக் கடமையும்கூட: மின்னணுக் கணக்குகள் விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி 57. அந்தக் கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்கவும் வேண்டும்.

வேலைக்கு முன் என்ன செய்யப் போகிறார், பேக்கப் யார் பொறுப்பு, தவறினால் எப்படித் திரும்புவது என்று எழுதி வாங்குங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கறாராகக் கேட்கும் வாடிக்கையாளரை நல்ல சர்வீஸ்காரர் தவறாக நினைக்க மாட்டார்.

தவறு நடந்துவிட்டால் உடனே சர்வரை நிறுத்துங்கள். பதற்றத்தில் ரெய்டைப் புதிதாக உருவாக்குவது, பழுது பார்க்கும் கட்டளையை ஓட்டுவது இரண்டும் எஞ்சியதையும் அழித்துவிடக் கூடும். ஒவ்வொரு டிஸ்க்கும் எந்த இடத்தில் இருந்தது என்று எண் ஒட்டுங்கள். மீட்பு வேலை அவற்றின் நகல்களில்தான் நடக்க வேண்டும், அசலில் அல்ல.

பில், வாட்ஸ்அப் உரையாடல், வேலைச் சீட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வணிக நோக்கத்துக்கான சேவையை இந்தச் சட்டம் விலக்குகிறது; உங்கள் நிலை அந்த விலக்கில் வருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். பலனில்லையென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை, குறைபாடு நடந்த 2 ஆண்டுக்குள் அணுகலாம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் அனுமதிக்கிறது. சர்வீஸ் நிறுவனம் சென்னையில் இருந்தாலும் கடலூரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் செய்யலாம்.