வடிகட்டிக்குக் கீழே இறங்கியது

டீத்தூளை வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. நிறமும் துவர்ப்பும் கிளாசில் இறங்கிவிடுகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரை மசால் பயிரைக் காத்த ஒரு பாக்டீரியாவைப் புரிந்துகொள்ள உதவும்.

குதிரை மசாலை ஒருமுறை விதைத்தால் மூன்று, நான்கு வருடம் அறுத்து மாட்டுக்குப் போடலாம். ஆகவே முளையிலேயே செடி செத்தால், அந்த இடம் அத்தனை வருடமும் சொட்டையாகக் கிடக்கும். தண்ணீர் தேங்கும் நிலத்தில் இப்படிக் கொல்வது பைட்டோப்தோரா. பார்க்கப் பூஞ்சை போலிருக்கும். உண்மையில் பழுப்புப் பாசிகளுக்குத் தூரத்து உறவு. அதன் வித்துகளுக்கு வால் உண்டு. ஈர மண்ணின் இடுக்குகளில் நீந்திப்போய் இளம் வேரில் ஒட்டும். வேர் அழுகும், நாற்று சாயும்.

பால் மாடுகளுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலம் விஸ்கான்சின். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஜோ ஹேண்டல்ஸ்மன் குழுவினர், இந்த நோய்க்கு எதிராக 700 பாக்டீரியா வகைகளை நாற்றுகளில் சோதித்து, முடிவை 1990-இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று பேசில்லஸ் செரியஸ் இனத்தைச் சேர்ந்த யூ.டபிள்யூ.85. அதை இட்ட நாற்றுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

இனி வடிகட்டிக்கு வருவோம். பாக்டீரியா வளர்ந்த திரவத்திலிருந்து அதை முழுக்க வடித்தெடுத்துவிட்டு, வெறும் சாற்றை ஊற்றினார்கள். அப்போதும் நாற்றுகள் பிழைத்தன. பாக்டீரியா கசியவிட்ட பொருளுக்கே கிருமியை அடக்கும் வேகம் இருந்தது. சுவிட்டர்மைசின், கனோசமைன் என்ற இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பின்னர் அடையாளம் கண்டார்கள். ஆனால் இளம் பாக்டீரியாவின் சாற்றில் வேகம் குறைவு. வளர்ந்து முடித்து, கெட்டித்தோல் வித்துகளாக மாறி, தாய்ச் செல்லை விட்டு வெளியே வந்த பிறகுதான் சாற்றில் வேகம் ஏறியது. டிக்காஷனில் அவசரப்பட்டால் வெந்நீர்தானே கிடைக்கும்!

அப்படியானால் சாற்றையே ஊற்றலாமே என்பீர்கள். வயல் முழுக்க ஊற்றிக் கட்டுப்படியாகாது. விதையில் பூசினால் பாக்டீரியா முளையோடு கூடவே மண்ணில் இருக்கும். நோய் கண்ட நிலத்தில் சிறிய அளவில் அப்படி விதைத்தபோது, முளைத்து வந்த நாற்றுகள் கூடின.

நம் ஊரில் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைப்பதும் இதே கணக்குதான், பாக்டீரியாதான் வேறு. அழுகிப்போன வேரை இது மீட்காது. தேங்கிய தண்ணீரில் நீந்தி வருகிறவனுக்கு வழி விட்டுவைத்தால் விதைப்பூச்சும் திணறும். பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் வடிகாலை வெட்டிவிடுங்கள்.