படத்துக்கும் திணை உண்டு

விலங்கையும் பறவையையும் படம் பிடிப்பதற்கு இரு வழிகள் உண்டு. அடைத்து வைத்த இடத்துக்குச் சென்று பிடிப்பது ஒன்று. அது வாழும் இடத்துக்குச் சென்று பிடிப்பது மற்றொன்று. முன்னதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா, கமராவைத் தோளில் தொங்கவிட்டுத் திரிந்த மிகச் சிலருக்கே ஒருகாலத்தில் உரியதாயிருந்தது. இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் அனைவரும் படம் பிடிப்போரே; ஆதலின் வினாவும் அனைவர்க்கும் பொதுவாயிற்று. தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கலாம். படமும் ஒரு கூற்றே. ஒரு கூற்று மெய்யா பொய்யா, இடத்தோடும் காலத்தோடும் பொருந்துவதா பொருந்தாததா என ஆராய்வது இலக்கணம் கற்றோர் தொழிலன்றோ?

மன்னாரில் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய பொருள் வீட்டு வாயிலிலேயே கிடக்கிறது. பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்லும் தாம்போதியின் இருமருங்கிலும், வங்காலையை அடுத்த உவர்நிலங்களிலும், மாரிக்காலத்தில் ஆயிரமாயிரமாய்ப் புலம்பெயர் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஊசிவால் வாத்தும் உள்ளானும் பிறவும் கூடிய அவ்வவையில் அரசுபோல் நிற்பது பூநாரை. வடக்கே குசராத்தின் கச்சு உவர்வெளியில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் இனம் இது. தலையைக் கவிழ்த்து, அலகை நீருள் தலைகீழாக ஆழ்த்தி, சேற்றையும் நீரையும் வடித்து நுண்ணுயிர்களை உண்ணும். வங்காலைப் பகுதியில் 4,839 ஹெக்டேயர் நிலம் 2008 ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அன்றுதொட்டுப் பறவையைத் தேடி வருவோர் பெருகினர், கமராக்களும் பெருகின.

என் மாணவன் ஒருவன் பாடசாலைக் கண்காட்சிக்கென இரண்டு படங்கள் கொண்டுவந்தான். ஒன்று, கல்விச் சுற்றுலாவின்போது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் எடுத்தது. சிறுத்தையொன்றின் முகம் படம் முழுவதையும் நிறைத்தது, வாய் பிளந்திருந்தது, பல் நான்கும் தெரிந்தன, மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். மற்றையது வங்காலையில் எடுத்தது. மாலை வெயிலில் பரந்த நீர்வெளி. அதன் நடுவே இளஞ்சிவப்புக் கோடொன்று. உற்றுநோக்கினாலன்றி அக்கோடு பூநாரைகள் என்பது புலப்படாது. வகுப்பார் யாவரும் சிறுத்தைக்கே வாக்களித்தனர். ஒருவன், "இதற்கு ‘வில்பத்துவின் சீற்றம்’ என்று பெயர் வை" என்றான். படம் எடுத்தவன் என்னை நோக்கி, "ஐயா, அப்படி எழுதலாமா?" என்று கேட்டான்.

"தம்பி, சிறுத்தை அப்பொழுது சீறியதா?" என்று நான் வினவினேன்.

"இல்லை ஐயா, கொட்டாவி விட்டது" என்றான்.

வகுப்பு சிரித்தது. ஆயினும் அச்சிரிப்பினுள் ஒரு பெரிய பொருள் அடங்கியிருந்தது. அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டுத் தொல்காப்பியத்துப் பொருளதிகாரத்தையே கரும்பலகையில் எழுதினேன்.

முதல், கரு, உரி எனப் பொருள் மூன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் விலங்கு, பறவை, மரம், உணவு முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் வாழ்வின் உள்ளுணர்ச்சி உரிப்பொருள். வங்காலைப் படத்தில் மூன்றும் உள்ளன. கடல்சார்ந்த உவர்நிலம் உண்டு. எற்பாடு என்னும் சாயுங்காலம் உண்டு. நெய்தற்குரிய நீர்ப்பறவை உண்டு. தொலைவிலிருந்து வந்து தொலைவுக்கே மீளவிருக்கும் உயிர்களின் தனிமையும் அதிலுண்டு. பறவை சிறிதாகத் தெரிவது குறையன்று. அந்நிலம் எத்துணைப் பெரிது என்பதை அச்சிறுமையே சொல்லுகின்றது. சிறுத்தைப் படத்திலோ கருப்பொருள் மட்டுமே உண்டு. நிலம் எங்கே? பொழுது எங்கே? அவற்றை நீக்கிவிட்டுக் கொட்டாவியைச் சீற்றமாக்கினால் உரிப்பொருளும் பொய்யாகிவிடும்.

இவ்வளவில் நின்றால் மிருகக்காட்சிச்சாலைப் படம் யாவும் விலக்கத்தக்கது என்று முடியும். தொல்காப்பியர் அத்துணைக் குறுகிய நோக்கினர் அல்லர். ஒரு நிலத்துக்குரிய பூவோ புள்ளோ வேறொரு நிலத்தில் வந்து தோன்றின், வந்த நிலத்துக்குரியதாகவே அதனைக் கொள்ளலாம் என்று அவர் இடங்கொடுத்திருக்கிறார். அவ்விதியை இங்கே பொருத்துக. தெஹிவளையில் எடுத்த சிறுத்தை தெஹிவளைக்கே உரியது, வில்பத்துக்கு உரியதன்று. "தெஹிவளை, நண்பகல்" என்று அதன் கீழ் எழுதினால் கொட்டாவி கொட்டாவியாகவே நிற்கும். ஓடவும் பதுங்கவும் பிறந்த உயிர் செய்வதறியாது வாய் பிளக்கும் காட்சி, சீற்றத்தினும் ஆழமாக நெஞ்சைத் தொடும். மாணவன் அவ்வாறே எழுதினான். இரு படங்களும் கண்காட்சியில் அருகருகே தொங்கின. சிறுத்தையின்முன் சிரித்துக்கொண்டு நின்றவர் சிலர், கீழே எழுதியிருந்ததைப் படித்தபின் சிரிப்பை நிறுத்தியதைக் கண்டேன்.

மிருகக்காட்சிச்சாலையின் வரலாறே கம்பியை மறைக்கும் கலையின் வரலாறுதான். செருமனி நாட்டின் அம்பேர்க் நகரையடுத்துக் கார்ல் ஆகன்பெக் என்பார் 1907 இல் திறந்த விலங்குப் பூங்காவில், கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்தார். பார்ப்பவன் கண்ணுக்கு அகழி தெரியாது. சிங்கம் திறந்த வெளியில் நிற்பதுபோலத் தோன்றும். அவருடைய மாற்றாந்தாய்த் தம்பியாகிய ஜோன் ஆகன்பெக் கொழும்பில் வாழ்ந்து விலங்கு வணிகம் நடத்தியவர். தெஹிவளையில் அவர் திரட்டிய விலங்குகளே 1936 இல் அரசு பொறுப்பேற்ற மிருகக்காட்சிச்சாலைக்கு வித்தாயின. கமராக்காரனும் அவ்வழியையே பின்பற்றுகிறான். கண்ணாடிவில்லையைக் கம்பிவலைக்கு மிக அருகே கொண்டுசென்று, துவாரத்தை அகலத் திறந்து, தொலைவில் நிற்கும் விலங்கின்மேல் குவித்தால் வலை மங்கி மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் சிறை படத்துக்குத் தெரியாது.

நிறமும் அங்கே கைசெய்யப்படுவதுண்டு. பூநாரையின் செம்மை உடன்பிறந்ததன்று; உண்ணும் இறாலினத்திலும் பாசியிலும் உள்ள நிறப்பொருளால் வருவது. அவ்வுணவு கிடையாதவிடத்து இறகு வெளுத்துவிடும். அதனால் காட்சிச்சாலைகளில் நிறமூட்டும் உணவைக் கலந்து கொடுப்பர். வங்காலைச் சேறு தரும் நிறத்தை அங்கே உணவுத் தொட்டி தருகிறது.

அடைப்பில் வைத்துப் பார்ப்பதனால் பயனே இல்லையோ எனின், உண்டு. நம் கடலிலேயே அதற்குச் சான்றிருக்கிறது. போர்த்துக்கீசர் மன்னாரைக் கைப்பற்றிய 1560 ஆம் ஆண்டில், இக்கரையில் மீனவர் வலையில் கடற்கன்னியர் எழுவர் அகப்பட்டனர் என்றும், கோவைப் பிரதிநிதியின் மருத்துவர் அவர்களை அறுத்துப் பார்த்து மனித உடலை ஒத்திருப்பதாகக் கூறினார் என்றும் இயேசு சபையாரின் வரலாறு குறிப்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் தெனன்ற் எடுத்துக்காட்டினார். அகப்பட்டவை கடற்பசுக்கள் என்பதே அறிஞர் துணிபு. கைக்கெட்டும் தூரத்தில் கிடத்தி, கத்தியால் திறந்து பார்த்தும் கன்னியென்றனர்! அண்மையில் பார்ப்பது வேறு, உண்மையைப் பார்ப்பது வேறு.

நானூறு ஆண்டு கழித்து, இதே குடாவின் மறுகரையாகிய மண்டபத்தில், கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கடற்பசு இணையொன்றை அடைப்பில் வைத்து உயிரோடு பேணினர். அவற்றைப் பற்றிய ஆய்வுரை 1959 இல் வெளியாயிற்று. எதை உண்ணும், எவ்வாறு மூச்செடுக்கும் என்றெல்லாம் நாள்தோறும் இருந்து நோக்கினர். 2022 இல் தமிழ்நாட்டரசு பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஓர் உயிரைக் காக்க முற்படுவோர்க்கு அதன் உணவையும் வாழ்க்கையையும் முன்னோர் இருந்து அறிந்த அறிவு துணையாகும். ஆகவே கூடு மட்டுமே பொய்க்குக் காரணமன்று, அவசரமே காரணம்.

காட்டில் எடுத்த படமெல்லாம் மெய்யென்று கொள்வதும் தகாது. பூநாரைக் கூட்டம் ஒருசேர எழும் படத்தைப் பார்த்திராதவர் இலர். நிற்கும்போது மறைந்திருந்த சிறகின் செம்மையும் கருமையும் பறக்கும்போது விரியும். அதனால் அப்படத்துக்கு மதிப்பு மிகுதி. ஆனால் அவை ஏன் எழுந்தன? வண்டியைச் சேற்று விளிம்புவரை செலுத்தியும், கைதட்டியும், பறக்கும் கமராவைத் தலைக்குமேல் ஏவியும் எழுப்புவோர் உளர். பூநாரை நின்ற நிலையில் எழமாட்டாது. நீரில் சில தப்படி ஓடியே எழும். ஒவ்வொரு முறையும் அது செலவிடும் வலிமை, மீண்டும் வடக்கே செல்வதற்கென்று சேர்த்துவைத்த வலிமை. மேசைமேல் வைத்துப் பார்ப்பவன் அப்படத்தில் களிப்பைக் காண்கிறான்; அதனுள் இருப்பதோ அச்சம். மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தை உவகையென்று படிப்பவனை எந்தத் தேர்வில் தேறியவனாகக் கொள்வது?

பிறநாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை சார்ந்த உலகப் போட்டியில், 2009 ஆம் ஆண்டின் முதற்பரிசு வேலியைத் தாண்டும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அவ்வோநாய் பழக்கி வளர்க்கப்பட்டதாயிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்த நடுவர், 2010 சனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். படம் அழகிது என்பதில் எவரும் ஐயுறவில்லை; காட்டுக்குரியதென்று சொன்ன கூற்றே ஐயத்துக்குள்ளாயிற்று.

இதற்கு மாறான நெறியும் உண்டு. இங்கிலாந்தில் கியாட்டன் உடன்பிறந்தார் இருவர், பறவை அஞ்சாதிருக்க எருதின் தோலைப் பொதிந்து, அதன் வயிற்றுக்குள் கமராவோடு ஒளிந்திருந்து படம் எடுத்தனர். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே காட்டுயிரை உலகறியச் செய்தார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், 1950 முதல் தம் இறுதிவரை ஆங்கில நாளிதழொன்றில் இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். எழுத்தும் படமும் அவரிடத்தில் ஒரே கண்ணின் இரு செயல்கள்.

நம் புலவரிடத்திலும் இவ்விருவகையினர் உளர். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நூற்றுவர் பாடினர்; கண்டவர் எவர்? அஃது ஏட்டுக் கூட்டில் அடைபட்ட பறவை. சத்திமுற்றப் புலவரோ நாரையின் அலகைப் பார்த்துப் பிளந்த பனங்கிழங்கை நினைத்தார். கிழங்கைப் பிளந்தறியாதவனுக்கும், நாரையை நின்று நோக்காதவனுக்கும் அவ்வுவமை தோன்றாது. பனங்கிழங்கு அவித்துக் கிழித்துண்ணும் மன்னார்ச் சிறுவனுக்கு அதன் நயத்தை உரைகாரன் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். மன்னார் நகரத் தெருவில் கழுதைகள் உரிமையாளர் இன்றித் திரிகின்றன. அவை கூட்டினவுமல்ல, காட்டினவுமல்ல. தீவின் தென்கரையோரம் 2020 இல் தொடங்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் காற்றாலைகள் முப்பது, வானளாவ நிற்கின்றன. படம் பிடிப்போர் கழுதையையும் கம்பத்தையும் மின்கம்பியையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, மனிதர் காலடி படாத தீவுபோலக் காட்டுவர். இதுவும் கம்பியை மறைக்கும் கலையே. பறவை இன்று வாழும் நிலம் அக்கம்பிகளோடு கூடிய நிலம். நாளை அதன் வரவு குறைந்தால், ஏன் குறைந்தது என்று ஆராய்வார்க்கு நம் படங்களன்றோ சான்றாக வேண்டும்? சான்றிலிருந்து கம்பியை நீக்கிவிட்டால் வழக்கு எவ்வாறு விளங்கும்?

ஆதலின் மாணவர்க்கு யான் கூறுவது இது. கூட்டில் எடுப்பின் கூடு என்று எழுதுக. காட்டில் எடுப்பின் பறவை தலைநிமிரும் எல்லைக்கு இப்பாலேயே நிற்க. உண்ணும் பறவை உண்டுகொண்டேயிருக்கும் படமே உயர்ந்த படம். இடத்தையும் நாளையும் படத்தின் பின்புறம் குறித்து வைக்க. பறவை சிறிதாகத் தெரிகின்றதே என்று வருந்தற்க. நமக்கும் அதற்குமிடையே எவ்வளவு தொலைவு இருக்கவேண்டுமென்று அது விரும்பியதோ, அவ்வளவே சிறிதாகத் தெரிகின்றது.