ஓ.எஸ். புதுசு... வீடு பழசு!

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. இன்னிக்கு ராத்திரி பார்த்து லினக்ஸ் மக்கர் பண்ணுது. வேற வழியில்லாம உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் பண்ணி லாகின் பண்ணினா... டெஸ்க்டாப் துடைச்சு வெச்ச மாதிரி காலி! கோடு, ரிப்போர்ட், டூர் போட்டோ எதையும் காணோம்.

பதறாதீங்க பாஸ்! 'ஹோம்' ஃபோல்டருக்குத் தனி பார்ட்டிஷன் வெச்சிருந்து, அதை ஃபார்மட் பண்ணாம விட்டிருந்தா எல்லாம் பத்திரமாத்தான் இருக்கும். அப்படி ஒண்ணு இருக்குன்னு புது சிஸ்டத்துக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான். அதனால தானே ஒரு காலி ஹோமை உருவாக்கிக்கிச்சு. நாம செய்ய வேண்டியது நாலே வேலை.

அடையாளம்: டெர்மினலில் 'பி.எல்.கே.ஐ.டி.' கமாண்டை 'சூடோ' போட்டு ஓட்டினா, ஒவ்வொரு பார்ட்டிஷனோட யு.யு.ஐ.டி. எண்ணும் வரும். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. பேரெல்லாம் இடம் மாறலாம். இந்த எண், மறுபடி ஃபார்மட் பண்ணாதவரை மாறாது.

சோதனை: நேரா ஹோமில் மாட்டிடாதீங்க. முதல்ல 'எம்.என்.டி.' ஃபோல்டரில் மவுன்ட் பண்ணி, உங்க ஃபைல்கள் இருக்கான்னு கண்ணால பாருங்க. அப்புறம் அன்மவுன்ட்.

இணைப்பு: 'இ.டி.சி.' ஃபோல்டரில் இருக்குற 'எஃப்.எஸ்.டேப்' ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துட்டு, கடைசியில ஒரு வரி சேருங்க. வரிசை இதுதான்: யு.யு.ஐ.டி., ஸ்லாஷ் ஹோம், ஃபைல் சிஸ்டம் (பெரும்பாலும் இ.எக்ஸ்.டி.4), டிஃபால்ட்ஸ், 0, 2. ரீபூட்டுக்கு முன்னாடி 'மவுன்ட்' கமாண்டை 'ஏ' ஆப்ஷனோட ஓட்டிப் பாருங்க. இங்கே ஒரு எழுத்து தப்பினாலும் சிஸ்டம் எமர்ஜென்சி மோடில் போய் நிக்கலாம். எர்ரர் இல்லைன்னா தைரியமா ரீபூட்!

உரிமை: புது யூசர் பேரும் பழைய ஃபோல்டர் பேரும் ஒண்ணா இருக்கணும். ஆனா லினக்ஸ் பார்க்குறது பேரை இல்லை, யூசர் எண்ணை. உபுண்டுவில் முதல் யூசருக்கு 1000. ஃபெடோராவில் 2011-ல் வந்த 16-வது பதிப்புக்கு முன்னாடி 500-ல்தான் ஆரம்பம். எண் பொருந்தலைன்னா 'பெர்மிஷன் டினைட்'தான்! 'சௌன்' கமாண்டால் உங்க ஃபோல்டரை மட்டும் உங்க பேருக்கு மாத்துங்க.

அடுத்த முறை இத்தனை பாடே வேண்டாம். இன்ஸ்டால் பண்றப்போ மேனுவல் பார்ட்டிஷனிங் போய், அந்தப் பார்ட்டிஷனுக்கு மவுன்ட் பாயின்ட்டா ஸ்லாஷ் ஹோம் கொடுத்து, ஃபார்மட் டிக்கை எடுத்துட்டா போதும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க... தனி பார்ட்டிஷன் பேக்கப் ஆகாது! டிஸ்க் போச்சுன்னா ஓ.எஸ்.ஸும் போகும், வீடும் போகும். ப்ராஜெக்ட்டை இன்னிக்கே பென் டிரைவில் ஒரு காப்பி போட்டு வைங்க!