21 அடி... ஒன்றரை விநாடி... ஒரு பத்திரிகைக் கட்டுரை துப்பாக்கிப் பயிற்சியை மாற்றிய கதை!

கையில் கத்தியோடு ஒருவர் 21 அடி தூரத்தில் நிற்கிறார். திடீரென உங்களை நோக்கி ஓடி வருகிறார். உங்கள் இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை எடுத்துச் சுட நேரம் இருக்குமா?

இந்தக் கேள்விக்கு நேரத்தை அளந்து விடை தேடியவர் டென்னிஸ் டூலர். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர். ஆட்களை 21 அடி தூரத்திலிருந்து ஓடவிட்டுப் பார்த்தார். சராசரி ஆள் ஒருவர் சுமார் ஒன்றரை விநாடியில் அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டார். நன்கு பயிற்சி பெற்ற ஒருவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறி பார்த்துச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். 'கத்திதானே, தூரத்தில்தானே நிற்கிறார்' என்று அசட்டையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து என்பது புரிந்தது.

இதை 1983-ம் ஆண்டு மார்ச் மாதம் 'ஸ்வாட்' என்ற பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார் டூலர். அந்தச் சில பக்கங்கள் அமெரிக்கக் காவல்துறையின் பயிற்சியையே மாற்றிவிட்டன. இன்றும் அந்தப் பயிற்சிக்கு 'டூலர் டிரில்' என்றுதான் பெயர்.

பத்திரிகையிலிருந்து பயிற்சி மைதானத்துக்கு...

அமெரிக்காவில் துப்பாக்கிப் பத்திரிகைகளைப் படித்துப் பயிற்சிக்கான சம்பவங்களை எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். தேசிய ரைபிள் சங்கத்தின் 'அமெரிக்கன் ரைபிள்மேன்' இதழில், ஆயுதம் வைத்திருந்த பொதுமக்கள் திருடர்களை எதிர்கொண்ட செய்திகளைத் தொகுத்துத் தரும் பகுதி பல ஆண்டுகளாக வருகிறது. 'அமெரிக்கன் ஹேண்ட்கன்னர்' இதழில் மசாத் அயூப் என்ற பயிற்சியாளர், நிஜத்தில் நடந்த துப்பாக்கிச் சம்பவங்களை அலசி எழுதி வந்தார்.

இதையே விளையாட்டாக்கியவர்களும் உண்டு. 1996-ல் தொடங்கிய 'சர்வதேசத் தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சங்கம்' நடத்தும் போட்டிகளில் வெறும் வட்டக் குறிகள் இருக்காது. பெட்டிக்கடை, கார் நிறுத்துமிடம், வீட்டுக் கூடம் என்று ஒரு சூழலை உருவாக்கிவிடுவார்கள். அட்டை மனிதர்கள் நிற்பார்கள். சில அட்டைகளில் விரித்த கைகள் வரைந்திருக்கும். அவர் அப்பாவி என்று அர்த்தம். அந்த அட்டையில் குண்டு பட்டால் 5 விநாடி அபராதம். எவ்வளவு வேகமாகச் சுட்டாலும், யாரைச் சுடக் கூடாது என்று தெரியாவிட்டால் தோல்விதான்.

எப்படிப் படிக்க வேண்டும்?

ஒரு செய்தியைப் பயிற்சியாக மாற்ற முதலில் துப்பாக்கியே தேவையில்லை. பேப்பரும் பேனாவும் போதும். செய்தியிலிருந்து சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

* எங்கே நடந்தது? வெளிச்சம் இருந்ததா?
* வெளியேற வழி இருந்ததா? மறைந்துகொள்ள இடம் இருந்ததா?
* அருகில் வேறு யார் இருந்தார்கள்? குழந்தைகள் இருந்தார்களா?
* ஆபத்தின் முதல் அறிகுறி எது? அது தெரிந்ததும் அவர் என்ன செய்தார்?
* சுடாமலேயே தப்பியிருக்க முடியுமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். 'எப்படிச் சுட்டார்' என்பதை மட்டும் பார்ப்பவர் அந்தச் சம்பவத்தின் கடைசி ஒன்றிரண்டு விநாடிகளை மட்டுமே படிக்கிறார். அதற்கு முந்தைய நிமிடங்களில்தான் பாடம் இருக்கிறது. கதவைப் பூட்டியிருக்கலாம், வேறு வழியில் போயிருக்கலாம், உடனே போலீஸுக்குப் போன் செய்திருக்கலாம்.

பாடம் எங்கே தடம் மாறியது?

டூலர் எழுதியது ஓர் எச்சரிக்கை. கத்தியோடு நிற்பவர் இந்தத் தூரத்துக்குள் இருந்தால் ஆபத்து, எனவே முன்கூட்டியே சுதாரியுங்கள், மறைவிடம் தேடுங்கள், பின்வாங்குங்கள் என்பதே அதன் சாரம். ஆனால் 1988-ல் வெளிவந்த ஒரு பயிற்சி வீடியோ உட்படப் பல வழிகளில் அது பரவியபோது அதன் பெயர் '21 அடி விதி' ஆகிவிட்டது. கத்தியோடு ஒருவர் 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்று பலர் புரிந்துகொண்டார்கள். தன் கட்டுரையை ஒரு விதியாக எழுதவில்லை என்று பின்னாளில் டூலரே சொன்னார்.

இதன் விலை சின்னதல்ல. மனநலப் பாதிப்பில் கத்தியைக் கையில் எடுத்தவர் தள்ளி நின்றாலும், இந்த 'விதி' அவரைச் சுடுவதற்கு ஒரு நியாயமாகிவிடும் அல்லவா?

2015-ல் அமெரிக்கக் காவல் அதிகாரிகள் குழு ஒன்று ஸ்காட்லாந்துக்குப் போனது. அங்கே பெரும்பாலான போலீஸாரிடம் துப்பாக்கி கிடையாது. கத்தியோடு நிற்பவரைத் தடி, கேடயம், பேச்சு, விலகி நிற்றல் ஆகியவற்றைக் கொண்டே சமாளிக்கிறார்கள். அடுத்த ஆண்டே, அமெரிக்கக் காவல் உயரதிகாரிகளின் ஆய்வு அமைப்பான 'பெர்ஃப்' 30 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. '21 அடி விதி'யைக் கைவிடுங்கள், அதற்குப் பதிலாக இடைவெளி, மறைவு, நேரம் ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுங்கள் என்றது. டூலரின் கட்டுரையிலேயே இருந்த, பலர் படிக்காமல் விட்ட பகுதியும் ஏறக்குறைய இதுதான்.

அச்சில் வராத சம்பவங்கள்

பத்திரிகைச் சம்பவங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெற்றி பெற்றவர்களின் கதைகள்தான் அதிகம் அச்சேறுகின்றன. இருட்டில் திருடன் என்று நினைத்துச் சொந்த மகனையே சுட்டுவிட்ட அப்பாவின் கதை அந்தப் பகுதியில் வராது.

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள். வெளியிலிருந்து வரும் திருடனை மட்டும் கற்பனை செய்து பயிற்சி எடுப்பவருக்கு, வீட்டுக்குள் இருக்கும் இந்த ஆபத்து கண்ணில் படாது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, மனம் உடைந்திருக்கும் குடும்பத்தினரின் கைக்கு அது எட்டாமல் பார்த்துக்கொள்வது, இருட்டில் யார் என்று தெரியும்வரை சுடாமல் இருப்பது... இவையும் பயிற்சியில் சேர வேண்டும்.

துப்பாக்கியே பார்த்திராதவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஆவேசமாக இருந்தால் முதலில் இரண்டு அடி பின்னால் போங்கள். நடுவில் ஒரு மேஜையோ கதவோ இருக்கட்டும். யோசிக்க ஒரு விநாடி கூடுதலாகக் கிடைக்கும். பல நேரங்களில் அந்த ஒரு விநாடி போதும், இருவரும் உயிரோடு வீடு திரும்ப!