சிக்கனத்தின் செலவுக் கணக்கு

மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. பால், மளிகை, மின்சாரம், எரிவாயு, மருந்து என்று வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்க்கிறோம். சென்ற மாதத்தைவிடத் தொகை குறைந்திருந்தால் மனம் நிறைகிறது. வருவாய் சிறிதானாலும் செலவு அதைத் தாண்டி விரியாவிட்டால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. சிக்கனம் கஞ்சத்தனமன்று, தன் வலிமையின் அளவை அறிந்து நடப்பது என்பதை அந்த இடமே சொல்லிவிடுகிறது.

ஆனால், வீட்டின் வலிமை பணம் மட்டும்தானா? கணக்கு நோட்டில் ஒரு பத்தி எப்போதும் விடுபட்டுப் போகிறது. மிச்சமான பணத்துக்காக யாருடைய நேரம், எவ்வளவு செலவானது என்பதே அது.

இதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். மகளின் பேறுகாலத்துக்காக என் மனைவி ஐந்து வாரம் வெளியூர் சென்றிருந்தபோது, வீடும், மாடியிலுள்ள முப்பது செடித்தொட்டிகளும், ஒரு நாயும், தானாக வந்து சேர்ந்த ஒரு பூனையும் என் பொறுப்பில் விடப்பட்டன. பணி ஓய்வு பெற்றவன், நேரத்துக்குக் குறைவில்லை. ஒருவர் குறைந்திருப்பதால் செலவும் குறையும் என்றே எதிர்பார்த்தேன். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் வழக்கத்தைவிட நாலாயிரத்துச் சொச்சம் கூடியிருந்தது. ஆடம்பரமாக எதுவும் வாங்கவில்லை. இட்லி மாவு கடையிலிருந்து வந்தது; சட்டைகள் இஸ்திரிக் கடைக்குப் போயின; நறுக்கிய காய்கறிப் பொட்டலங்கள் வந்தன; அளவு தெரியாமல் சமைத்ததில் பாதி குப்பைக்குப் போனது. தொட்டிகளில் பதினொன்று காய்ந்துவிட்டன. அந்த நாலாயிரமும் அதுவரை மிச்சமாகிக் கொண்டிருந்த தொகை. அதை ஈட்டியவரின் பெயர் நோட்டில் எங்குமே இல்லை.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 2019-இல் இதே ஆய்வு தந்த எண்கள் 299, 97. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி அப்படியே நிற்கிறது. இதில் 'ஈடுபடும் ஆண்கள்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 2019 ஆய்வில் அவ்வாறு வீட்டு வேலையில் கைவைத்த ஆண்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே.

எனவே ஒரு சிக்கன யோசனையைக் கேட்டவுடன் 'எவ்வளவு மிச்சமாகும்?' என்று மட்டும் கேட்பது போதாது. 'தினமும் எத்தனை நிமிடம் கேட்கும், யாரிடம் கேட்கும்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் சிக்கனங்கள் இரண்டு வகையாகப் பிரிவது தெரியும். ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடியவை ஒரு வகை. நாள்தோறும் ஒருவர் குனிந்து நிமிர்ந்து செய்ய வேண்டியவை இன்னொரு வகை. நம் வீடுகளில் விந்தையான ஒரு வழக்கம் உண்டு: முதல் வகையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, இரண்டாம் வகையை விடாமல் வலியுறுத்துவோம்.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரண மேற்கூரை மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட். புதிய பி.எல்.டி.சி. வகை மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகிறது. அதற்கு 22 யூனிட்டுக்கும் குறைவே ஆகும். ஒரு மின்விசிறிக்கு 32 யூனிட் என்றால், மூன்றுக்கும் சேர்த்து நூறு யூனிட்டை நெருங்குகிறது. தமிழ்நாட்டில் இது வெறும் நூறு யூனிட்டின் விலை மட்டுமன்று. இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த விலை கிடைக்காமல் போய்விடும். அதாவது 501-ஆவது யூனிட் தன் விலையை மட்டும் கேட்பதில்லை. கீழே உள்ள நூறு யூனிட்டுகளின் விலையையும் உயர்த்திவிட்டுப் போகிறது. கோடையில் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வீட்டுக்கு, ஒருநாள் வேலையாக மாற்றும் இரண்டு மின்விசிறிகள் செய்யும் உதவியை, அறைக்கு அறை ஓடி விளக்கணைக்கும் இல்லத்தரசியால் செய்துவிட முடியாது. பழைய குண்டு பல்புக் காலத்தில் விளக்கணைப்பதில் பெரும் பொருள் இருந்தது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட் செலவழிக்க நூற்றுப் பத்து மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். அணைப்பது நல்ல பழக்கம்தான். அதற்காக வீட்டில் சண்டை வேண்டியதில்லை.

தண்ணீரிலும் இப்படியே. கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் சிறிது கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். யாரும் இழுத்துவிடாமலேயே கீழே நிறம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். சில ரூபாய் ரப்பர் வளையத்தில் தீரும் கோளாறு அது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்கும் மிதவைக் கருவியும், 2003-இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புக் குழாயைப் பருவமழைக்கு முன் ஒருநாள் அடைப்பெடுத்துவிடுவதும் இதே வகை. இவையெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் செய்வதாக ஒப்புக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒத்திப்போடும் வேலைகள் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

அன்றாடச் சிக்கனம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஒரு வேலையின் கழிவை இன்னொரு வேலையின் தொடக்கமாக இணைத்துவிட்டால் அதுவும் இலகுவாகும். அரிசி களைந்த கழுநீரைத் தனியே சேமித்து, பிறகொரு நேரம் மாடிக்குச் சுமப்பது கூடுதல் வேலை. காலையில் துணி காயப்போட மாடிக்குச் செல்லும் கையோடு அந்தக் குவளையும் சென்றால் அது வேலையே அன்று. புளித்த மோர் கறிவேப்பிலைக்கு; காய்கறித் தோல் உரத்தொட்டிக்கு. உரத்தொட்டியில் ஈரத் தோல் ஒரு பங்கென்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு இருக்க வேண்டும். நாற்றமெடுத்தால் ஈரம் கூடிவிட்டது என்று அறிந்து, சருகோ தென்னை நார்க்கழிவோ சேர்த்துக் கிளறினால் போதும். இரண்டு மாத அளவில் கறுத்த, மண்வாசனையுள்ள உரம் கிடைக்கும்.

எல்லாத் தண்ணீரும் செடிக்கு ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியேற்றுகிறது. அதை வீணாக்க மனம் வராமல் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுவோர் பலர். அந்த நீரில் உப்பு மிகுந்திருக்கும். தொட்டி மண்ணில் அது நாளடைவில் தங்கி இலை நுனியைக் கருக்கும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அந்த நீர் மிக நன்று. சலவை இயந்திர நீரைக் கீரைக்கு விடக் கூடாது.

மாடித் தோட்டம் பணத்தை மிச்சப்படுத்துமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை: எதை வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வளர்ப்புப் பை, நார்க்கழிவு, நாற்று, உரம், பந்தல், பூச்சிக்கு வேப்பெண்ணெய் என்று எல்லாவற்றையும் கூட்டினால் எங்கள் வீட்டுத் தக்காளி பல ஆண்டுகளில் சந்தைத் தக்காளியைவிட விலை உயர்ந்தது. கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலை போன்ற மாதங்களில்தான் அது நம் மானத்தைக் காக்கும். கீரையின் கணக்கு வேறு. சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும். கறிவேப்பிலை, பிரண்டை, கற்பூரவல்லி ஆகியவை ஒருமுறை வேர்பிடித்தால் நம்மை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோர், வெயிலோடு போராடும் வேலையைப் பருவத்திடமே விட்டுவிட்டவர்கள். அதுவும் ஒரு நேரச் சிக்கனமே. சித்திரை வெயிலில் தக்காளியைக் காப்பாற்ற ஒருவர் நாளுக்கு இருமுறை படியேறுகிறார் என்றால், அந்தத் தக்காளிக்கு அவர் முழங்கால் விலை கொடுக்கிறது.

வளர்ப்புப் பிராணிகளிடம் வரும்போதுதான் சிக்கனம் தன் எல்லையைச் சந்திக்கிறது. செடி வாடினால் இன்னொன்று நடலாம். உயிரோடு அப்படி நடந்துகொள்ள முடியாது. விலைகொடுத்து வெளிநாட்டு இன நாய் வாங்குவதைவிடத் தெருக்குட்டி ஒன்றைத் தத்தெடுப்பது சிக்கனம். நம் வெப்பத்துக்கும் அதன் உடல் பழகியது. ஆனால் 'மிச்சச் சோறு போதும்' என்பது பாதி உண்மை. சோறும் வேகவைத்த முட்டையும் சரி. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் சாம்பார் சாதம் சரியன்று. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும், சாக்லேட் நஞ்சு. சமைத்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்பதை நம் கதைப் புத்தகங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. மிச்சத்தைத் தூக்கியெறிய மனமின்றி ஊட்டிவிட்டுப் பிறகு மருத்துவமனைக்கு அலைவதில் என்ன மிச்சம்?

தடுப்பூசியில் சிக்கனத்துக்கு இடமே இல்லை. குட்டிக்கு மூன்று மாதமானவுடன் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் மறு ஊசி. அறிகுறி தோன்றிய பின் அநேகமாக எவரையும் காப்பாற்ற முடியாத நோய் அது. நாயோடு விளையாடும் பிள்ளைகளும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கும்போது பணமில்லை என்ற காரணமும் பெரும்பாலும் நிற்காது. உண்மையான காரணம், அழைத்துச் செல்ல ஆளில்லை என்பதே. இங்கும் பற்றாக்குறை நேரம்தான்.

தோட்டமும் பிராணியும் ஒரே வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாய், பூனையின் கழிவில் ஒட்டுண்ணி முட்டைகள் இருக்கக்கூடும் என்பதால், மாட்டுச் சாணத்தைப் போல அதை உரத்தொட்டியில் சேர்த்துவிடலாகாது. எங்கள் பூனை, புதிதாக விதை தூவிய கீரைத் தொட்டியின் பொலபொலவென்ற மண்ணைத் தனக்கென்றே கொத்திவைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டது. எலுமிச்சையின் காய்ந்த முட்கிளைகளை மண்மீது பரப்பிய பிறகே அந்த எண்ணத்தைக் கைவிட்டது. வீணாகப்போன இரண்டு விதைப்புகளை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வேலையின் நேரத்துக்கு மதிப்புண்டு என்பதை அரசுகளே ஒருவகையில் ஏற்றிருக்கின்றன. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் பலவிதமாக விமர்சிக்கப்பட்டது. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து பழகியவர்கள் அந்த விமர்சனத்தில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு 'உதவித்தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டதற்கு, பெண்களின் ஊதியமற்ற உழைப்பையே காரணமாகக் கூறினார்கள். தொகை போதுமா என்பது வேறு விவாதம். கருவூலத்தின் ஏட்டில் ஒரு வரியாக ஏறிவிட்ட அந்த உழைப்பு, வீட்டுக் கணக்கு நோட்டில் இன்னும் ஏறவில்லை.

மனைவி திரும்பிய பிறகு, நோட்டில் 'நிமிடம்' என்றொரு பத்தி வரைந்து ஒரு மாதம் எழுதிப் பார்த்தோம். யார் எதை விடுவது என்று நான் சொல்லவில்லை. அது அவருடைய நேரம். கோடைத் தக்காளியையும், நான்கு நாள் பிடித்த வற்றல், வடகத்தையும் அவர் நிறுத்தினார். வடகத்தைச் சங்கத்துப் பெண்களிடம் வாங்குகிறோம். இட்லி மாவை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். கடை மாவின் புளிப்பு தனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டார். ஊறவைப்பது அவர், அரைப்பதும் கிரைண்டரைக் கழுவுவதும் நான். நாயும் கீரைத் தொட்டிகளும் என் பத்திக்கு மாறின. முதல் மாத முடிவில் அவர் பத்தியில் நாளொன்றுக்கு ஐம்பது நிமிடம் குறைந்திருந்தது. செலவு முந்நூறு ரூபாய் கூடியிருந்தது. மூன்று மின்விசிறிகளில் இரண்டை மாற்றிவிட்டேன். மூன்றாவது, வருகிற ஞாயிற்றுக்கிழமை.