உங்களுக்குத் தெரியுமா? கோட்டுரு பற்றி எழுதாத ராமானுஜன் பெயரில் கோட்டுரு!

கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். ஒரு சாலை விழுப்புரத்துக்கு, ஒன்று புதுச்சேரிக்கு, இன்னொன்று பண்ருட்டிக்கு. ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்தால், கணிதத்தில் அது ஒரு கோட்டுரு. ஒரு நல்ல வலையில் கோடுகள் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் எங்கிருந்தும் எங்கேயும் சீக்கிரமாகப் போய்விட வேண்டும். இந்த இரண்டையும் ஏறக்குறைய உச்ச அளவில் சாதிப்பவை ‘ராமானுஜன் கோட்டுருக்கள்’.

வேடிக்கை என்னவென்றால், கணித மேதை ராமானுஜன் வெளியிட்ட 37 கட்டுரைகளில் ஒன்றுகூடக் கோட்டுருவியல் பற்றியதல்ல. அத்துறையின் முதல் பாடநூலே 1936இல்தான் வந்தது. அவரோ 1920லேயே மறைந்துவிட்டார். 1916இல் அவர் சொன்ன ஓர் ஊகத்தை (சுத்தமான எண்கோட்பாடு!) 1974இல் கணிதவியலாளர் தெலீன் நிரூபித்தார். அவ்வகை ஊகங்களின் துணையோடு 1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் மூவரும் இந்த வலைகளைக் கட்டி, ராமானுஜன் பெயரையே சூட்டினார்கள்.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணியும் இன்று ஆய்வாளர்களை எடைபோடுகிறார்கள். அந்தத் தராசில் இந்தப் புகழ் சரியாக ஏறாது. இந்தக் கோட்டுருக்கள் பற்றிய கட்டுரையின் தலைப்பிலேயே ராமானுஜன் பெயர் இருக்கும். அடிக்குறிப்பில் அவர் கட்டுரை இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கோலியனூர் சாலை போய்ச் சேரும் விழுப்புரத்துக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1910இல் கணக்கு நோட்டுகளோடு, வேலை கேட்டு, திருக்கோவிலூர் துணை ஆட்சியர் வி. ராமசாமி ஐயரைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து போனார் ராமானுஜன். அந்த வழியில் ரயில் மாறும் இடம் நம்ம விழுப்புரம் ஜங்ஷன்தான்.